ஈரல் மாடலில் கோளாறு எங்கே? ரேடியோ அலை அபிலேஷன் சிமுலேஷனில் அறிகுறி வாரியாகப் பிழை தேடுவது

கல்லீரல் கட்டிக்குள் ஊசி போன்ற எலக்ட்ரோடைச் செருகி, 450 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மின்னோட்டத்தைச் செலுத்தி, கட்டியை இருந்த இடத்திலேயே வேகவைத்து அழிக்கும் சிகிச்சைக்கு ரேடியோ அலை அபிலேஷன் என்று பெயர். உயிர்மருத்துவப் பொறியியலில் ஆய்வுக்கு வருபவர்கள் பலர் முதலில் கட்டும் கணினி மாடல்களில் இதுவும் ஒன்று. பார்க்க எளிது. மின்புலச் சமன்பாடு ஒன்று, வெப்பச் சமன்பாடு ஒன்று, திசு எவ்வளவு செத்தது என்ற கணக்கு ஒன்று. சிக்கல் இவை சந்திக்கும் இடங்களில்தான். மின்சாரம் வெப்பத்தைத் தருகிறது. வெப்பம் ஏற ஏறத் திசுவின் மின்கடத்துதிறன் மாறி, மின்சாரத்தையே மாற்றுகிறது. திசு செத்தால் அங்கே இரத்தப் பாய்வு நின்று வெப்பம் இன்னும் ஏறுகிறது. ஒன்றின் கையை ஒன்று பிடித்திருப்பதால், ஒரு இடத்தில் செய்த தவறு இன்னொரு இடத்தில் போய்த் தலைகாட்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள்: பிழைச் செய்தி வந்தவுடன் சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) அமைப்புகளில் கை வைக்காதீர்கள். டாலரன்ஸை, அதாவது எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம் என்ற வரம்பை, தளர்த்தி ஓடவைத்த மாடல் சரியாகிவிட்ட மாடல் அல்ல, வாயை மூடவைத்த மாடல். கோளாறு பெரும்பாலும் அலகுகளிலும், ஒரு இயற்பியலிலிருந்து இன்னொன்றுக்கு எண் கைமாறும் இடத்திலும்தான் இருக்கும்.

தேடலுக்கு முன்: ஒரு உருண்டை

உங்கள் நிஜ எலக்ட்ரோடை ஓரமாக வையுங்கள். 5 மில்லிமீட்டர் ஆரமுள்ள உலோக உருண்டை, அதைச் சுற்றி நிறைய ஈரல். மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.333 சீமென்ஸ், வெப்பக்கடத்துதிறன் 0.512, அடர்த்தி 1060, தன்வெப்பம் 3600, எல்லாம் எஸ்.ஐ. அலகில். உருண்டையில் 22 வோல்ட், தொலைவிலுள்ள எல்லையில் பூஜ்யம். இந்த எண்கள் அபிலேஷன் மாடல்களில் அடிக்கடி காணக்கிடைப்பவை.

இதற்கான விடைகளைப் பேனாவும் தாளும் வைத்தே போட்டுவிடலாம். எல்லையற்ற ஊடகத்தில் மின்தடை 47.8 ஓம். திறன் சுமார் 10 வாட். உருண்டையின் மேற்பரப்பில் மின்புலம் மீட்டருக்கு 4400 வோல்ட், அங்கே உருவாகும் வெப்பம் கன மீட்டருக்கு 64 லட்சம் வாட். அதை அடர்த்தியாலும் தன்வெப்பத்தாலும் வகுத்தால், முதல் கணத்தில் மேற்பரப்புத் திசு வினாடிக்கு 1.7 டிகிரி வீதம் சூடாக வேண்டும். வெப்ப உற்பத்தி தூரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், மையத்திலிருந்து 10 மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதாவது வினாடிக்கு 0.1 டிகிரி. மொத்தத் திறனில் பாதி முதல் 5 மில்லிமீட்டர் ஓட்டுக்குள்ளேயே கொட்டப்பட்டுவிடுகிறது.

மாடல் இந்த எண்களைத் தந்தால் மின்சாரத்திலிருந்து வெப்பத்துக்குப் போகும் பாதை சரி. தராவிட்டால் கீழே பாருங்கள்.

அறிகுறி: எவ்வளவு நேரம் ஓட்டினாலும் 37 டிகிரியிலேயே நிற்கிறது

முதலில் மின்னழுத்தப் படத்தைப் பாருங்கள். ஈரல் முழுதும் 22 வோல்ட் என்று ஒரே நிறமாக இருந்தால், பூஜ்ய எல்லையை எங்கும் கொடுக்கவில்லை. மின்சாரம் வெளியேற வழியில்லை, அதனால் ஓட்டமும் இல்லை. மின்னழுத்தம் சரியாகச் சரிந்தும் சூடு இல்லையென்றால், மின்வெப்பம் வெப்பச் சமன்பாட்டுக்குள் மூலமாகப் போய்ச் சேரவில்லை. காம்சால் போன்ற சிமுலேஷன் மென்பொருளில் இதற்கான இணைப்பு அமைப்பு தனியாக உண்டு. அது எல்லாப் பகுதிகளையும் தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். வடிவத்தைப் புதிதாக இறக்குமதி செய்தால் இந்தத் தேர்வு சத்தமில்லாமல் கழன்றுவிடும்.

இன்னொன்று, மில்லிமீட்டரில் வரைந்த வடிவத்தை மீட்டராக எடுத்துக்கொள்வது. உருண்டையின் ஆரம் 5 மீட்டர் ஆகிவிட்டால் மின்தடை 0.05 ஓமுக்குக் கீழே போய்விடும். மின்தடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், வேறு தேடல் வேண்டாம்.

அறிகுறி: திசு 37-க்குக் கீழே குளிர்கிறது

இதில் இரண்டு வகை. ஈரல் முழுவதும் ஒரே சீராகக் குளிர்ந்துகொண்டே போனால், இரத்தத்தின் வெப்பநிலையாக வெறும் 37 என்று கொடுத்திருப்பீர்கள், மென்பொருள் அதை 37 கெல்வின் என்று படித்திருக்கும். மைனஸ் 236 டிகிரி இரத்தம் உடம்புக்குள் ஓடினால் ஈரல் உறையாமல் என்ன செய்யும்! 310.15 என்று மாற்றுங்கள், அல்லது எண்ணோடு அலகையும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாவது வகை, எலக்ட்ரோடை ஒட்டிய இடத்தில் மட்டும், முதல் சில வினாடிகளில் மட்டும் 36, 35 என்று ஒரு பள்ளம் தெரிந்து மறைவது. மேற்பரப்பை 90 டிகிரியில் நிறுத்திவைத்துத் தொடங்கும் மாடல்களில் இது சகஜம். சூடு தொடாத அடுத்த கணு (வெப்பநிலை கணக்கிடப்படும் புள்ளி), இருப்பதைவிடக் குளிர்ந்ததாகக் காட்டும். உள்ளே குளிர்ந்த நீர் ஓடும் எலக்ட்ரோடு என்றால் இதற்கு நேர்மாறாக, அடுத்த கணு 37-க்கு மேலே குதிக்கும். இதற்குக் காரணம் இயற்பியல் இல்லை, மெஷ்ஷுக்கும் (வடிவத்தை எலிமென்ட் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்த வலை) நேர அடிக்கும் (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேரம்) இடையிலான பொருத்தமின்மை. நேர்கோட்டு எலிமென்ட்களில் ஒரு நேர அடி, எலிமென்ட் அளவின் வர்க்கத்தை வெப்பப் பரவுதிறனின் ஆறு மடங்கால் வகுத்து வரும் மதிப்பைவிடக் குறைந்தால் இந்தத் தள்ளாட்டம் வரும். ஈரலுக்கு, 2 மில்லிமீட்டர் எலிமென்ட் என்றால் அந்த எல்லை ஏறக்குறைய 5 வினாடி. நீங்கள் 0.1 வினாடி அடி வைத்திருப்பீர்கள். எலிமென்ட்டை 0.2 மில்லிமீட்டர் ஆக்கினால் எல்லை 0.05 வினாடிக்கு இறங்கி, பள்ளம் மறையும். கவனியுங்கள், இங்கே நேர அடியைக் குறைத்தால் நிலைமை மோசமாகும். நுணுக்க வேண்டியது மெஷ்ஷை.

அறிகுறி: திறன் கணக்கு இரண்டு மடங்கு, அல்லது பாதி

சரியாக இரண்டு மடங்கு இடித்தால் சந்தோஷப்படுங்கள், பிடித்துவிடலாம். அதிர்வெண் முறையில் தீர்க்கும் பெரும்பாலான மென்பொருள்கள் மின்னழுத்தத்தை உச்ச மதிப்பாக எடுத்துக்கொள்ளும். நிலை மின்னோட்ட முறையில் அதே சிகிச்சையை மாடல் செய்பவர்கள் ஆர்.எம்.எஸ். மதிப்பை, அதாவது அதே வெப்பம் தரும் மாறா மின்னழுத்தத்தை, கொடுப்பார்கள். முதல் முறையில் 22 வோல்ட் 5 வாட், இரண்டாவதில் 10 வாட். அதிர்வெண் முறையில் அதே 10 வாட் வேண்டுமென்றால் 31.1 வோல்ட் கொடுக்க வேண்டும்.

பாதி மாடல் மட்டும் வரைந்து சமச்சீர் எல்லை வைத்திருந்தாலும் பாதி வரும். அச்சுச் சமச்சீர் என்று நினைத்து வெறும் இருபரிமாணத்தில் வரைந்திருந்தால் விடை மீட்டருக்கு இத்தனை வாட் என்று வரும், அதை யாரும் படிப்பதில்லை.

பத்து சதவீதம் இடிக்கிறது என்றால் வெளி எல்லை அருகில் இருக்கிறது. நம் உருண்டைக்கு வெளியே ஈரலின் ஆரம் 50 மில்லிமீட்டரில் முடிந்தால் மின்தடை 43 ஓம்தான். 100 மில்லிமீட்டருக்குத் தள்ளினால் 45.4. நிஜ நோயாளிக்கு, மின்சாரம் வெளியேற ஒட்டும் தகடு தொடையிலோ முதுகிலோ இருக்கிறது. அந்தத் தூரத்தை உங்கள் சிறு பெட்டி விழுங்கிவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆனால் சரியாக இல்லை என்றால் கடத்துதிறனைச் சந்தேகியுங்கள். கேப்ரியல் குழுவினர் 1996-இல் வெளியிட்ட, இன்றும் எல்லோரும் எடுத்தாளும் திசு அளவீடுகளின்படி 500 கிலோஹெர்ட்ஸில் ஈரலின் மதிப்பு மீட்டருக்கு 0.15 சீமென்ஸ் அளவில்தான் வருகிறது. 0.333 அதைவிட இரு மடங்குக்கு மேல். எதை வைப்பது என்பது உங்கள் முடிவு. ஆனால் மின்தடையை ஒரு கட்டுரையோடும் கடத்துதிறனை இன்னொரு கட்டுரையோடும் ஒப்பிடக்கூடாது.

எப்படியிருந்தாலும் ஒரு சோதனையை விடாதீர்கள்: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கி வருவதும் (உச்ச மதிப்புகள் என்றால் அதில் பாதியும்), ஈரல் முழுதும் வெப்ப உற்பத்தியைக் கூட்டி வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் எலக்ட்ரோடு அருகே மெஷ் போதவில்லை.

அறிகுறி: வெந்த பகுதி மிகச் சிறியதாக, அல்லது நிற்காமல் வளர்ந்துகொண்டே

இங்கே குற்றவாளி எப்போதும் இரத்தப் பாய்வு. பென்னஸ் 1948-இல் மனித முன்கையின் வெப்பநிலையை அளந்து எழுதிய சமன்பாடுதான் இன்றும் நாம் பயன்படுத்துவது. அதில் இரத்தம் திசு முழுதும் சமமாகப் பரவி வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது என்ற ஒரே ஒரு உறுப்பு உண்டு. அதன் குணகத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு அலகில் எழுதுகிறார்கள். ஒரு கட்டுரையில் வினாடிக்கு 0.0064. இன்னொன்றில் கன மீட்டருக்கு வினாடிக்கு 6.4 கிலோ. மருத்துவர்களிடம் கேட்டால் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு 36 மில்லிலிட்டர். மூன்றும் ஒன்றேதான். 6.4-ஐ எடுத்து, இரத்த அடர்த்தியால் மறுபடி பெருக்கும் பெட்டியில் போட்டால் பாய்வு ஆயிரம் மடங்கு ஆகிவிடும்.

இதைப் பிடிக்க ஒரு சோதனை இருக்கிறது, பத்து நிமிடம்கூட ஆகாது. மின்சாரத்தை அணையுங்கள். எல்லா எல்லைகளையும் வெப்பம் கடத்தாதவை ஆக்குங்கள். ஈரல் முழுதும் தொடக்க வெப்பநிலை 47 டிகிரி, இரத்தம் 37. எங்கும் ஒரே வெப்பநிலை என்பதால் கடத்தல் எதுவும் நடக்காது, இரத்தம் மட்டுமே குளிர்விக்கும். மேலே சொன்ன எண்களுக்குக் கால மாறிலி 143 வினாடி. அந்த நேரத்தில் வெப்பநிலை 40.7 டிகிரிக்கு வந்திருக்க வேண்டும். ஒரு வினாடிக்குள் 37 ஆகிவிட்டதா? ஆயிரம் மடங்குப் பிழை. அசையவே இல்லையா? உறுப்பு இணையவில்லை.

வெப்பம் இரத்தத்தால் எவ்வளவு தூரத்தில் தடுக்கப்படுகிறது என்பதற்கும் ஒரு நீளம் உண்டு. நம் எண்களுக்கு அது 4.4 மில்லிமீட்டர். ஆயிரம் மடங்குப் பிழையில் 0.14 மில்லிமீட்டர், அதாவது எலக்ட்ரோடின் தோலோடு சூடு நின்றுவிடும்.

அலகெல்லாம் சரி, இருந்தும் வெந்த பகுதி சிறிது என்றால், செத்த திசுவிலும் நீங்கள் இரத்தத்தை ஓடவிட்டிருக்கிறீர்கள். உறைந்த நுண்குழாய்களில் இரத்தம் ஓடாது. பாய்வுக் குணகத்தை, உயிரோடு இருக்கும் திசுவின் பங்கால் பெருக்குங்கள். நேர்மாறாக, கட்டியின் அருகே 3 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள இரத்தக்குழாய் இருந்தால் பென்னஸ் உறுப்பு அதைப் பார்க்காது. அந்தக் குழாய் தன் பக்கத்துக் கட்டிச் செல்களை வேகவிடாமல் காப்பாற்றும், கட்டி மறுபடி முளைப்பதும் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான். குழாயைத் தனியாக வரைந்து, சுவரில் வெப்பப் பரிமாற்றக் குணகம் கொடுங்கள், அல்லது ஓட்டத்தையே தீருங்கள்.

மின்சாரமே இல்லாமல் தொலைவிலுள்ள திசு மெல்ல 37-ஐத் தாண்டினால், அது வளர்சிதைமாற்ற வெப்பம். கன மீட்டருக்கு ஒவ்வொரு 26,750 வாட்டும் சமநிலையை 1 டிகிரி உயர்த்தும். அதை எடுத்துவிடலாம், பத்துப் பன்னிரண்டு நிமிடச் சிகிச்சையில் அதற்கு வேலை இல்லை.

அறிகுறி: 100 டிகிரியை நெருங்கியதும் சால்வர் நின்றுவிடுகிறது

இதற்குத்தான் அதிக நேரம் செலவாகும், நியாயமாகவே. திசுவின் கடத்துதிறன் டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் கூடுகிறது. 37-லிருந்து 87-க்கு வந்தால் இரு மடங்கு. மின்னழுத்தத்தை மாறாமல் வைத்திருந்தால் திறனும் இரு மடங்கு, அதனால் இன்னும் சூடு, அதனால் இன்னும் கடத்துதிறன். 100-இல் நீர் ஆவியாகிறது. ஆவிக்குக் கடத்துதிறன் இல்லை, மின்தடை செங்குத்தாக எகிறுகிறது. அறுவை அரங்கில் கருவி இதைக் கண்டுதான் திறனைக் குறைக்கிறது. உங்கள் மாடலில் அந்தக் கருவி இருக்கிறதா?

ஆகவே முதல் வேலை, மாறா மின்னழுத்தத்தைக் கைவிடுவது. மாறாத் திறன், அல்லது எலக்ட்ரோடு முனையின் வெப்பநிலையைப் பார்த்து மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் ஒரு எளிய கட்டுப்பாடு வையுங்கள். நின்றுபோகும் மாடல்களில் பாதி இங்கேயே ஓடத் தொடங்கும்.

இரண்டாவது, கடத்துதிறன் வளைவு. 100 டிகிரியில் படி போலச் செங்குத்தாக வெட்டி விழும் சார்பைச் சால்வரால் விழுங்க முடியாது. ஒரு மறுசெய்கையில் 99.9, அடுத்ததில் 100.1, கடத்துதிறன் ஆயிரம் மடங்கு மாறிவிட்டது, மறுபடி 99.9 என்று ஊசலாடும். 5 முதல் 10 டிகிரி அகலத்தில் சரிவாக்குங்கள். கீழ் எல்லையாகப் பூஜ்யம் கொடுக்காதீர்கள், தொடக்க மதிப்பில் நூறில் அல்லது ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். அட்டவணைக்கு வெளியே மென்பொருள் நேர்கோட்டில் நீட்டிக்கொண்டு போகிறதா என்றும் பாருங்கள். 2 சதவீதச் சாய்வு 300 டிகிரி வரை கேள்வி கேட்பாரின்றி ஏறிய மாடல்கள் உண்டு.

மூன்றாவது, உள்ளுறை வெப்பம். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2260 கிலோஜூல் வேண்டும். ஈரலில் எழுபது சதவீதம் நீர் என்று வைத்தாலே, 37-லிருந்து 100-க்குக் கொண்டுவரத் தேவைப்பட்ட வெப்பத்தைப் போல ஏழு மடங்கு ஆவியாக்க மட்டும் போகும். இதை விட்டுவிட்டால் மாடல் 100-ஐ ஒரு நொடியில் தாண்டி 180, 200 என்று காட்டும், சால்வரும் திணறும். வெப்பக் கொள்ளளவில் இதைச் சேர்க்கும்போது ஒரு டிகிரி அகலத்தில் அடைத்தால் கொள்ளளவு 400 மடங்குக்கு மேல் எகிறும், நேர அடி அந்த ஒரு டிகிரியைத் தாண்டிக் குதித்தும் விடும். 10 டிகிரியில் பரப்பினால் 44 மடங்குதான்.

இவ்வளவும் செய்த பிறகு சால்வருக்கு வாருங்கள். மின்சாரத்தையும் வெப்பத்தையும் மாற்றி மாற்றித் தீர்ப்பது நினைவகத்துக்கு நல்லது, ஆனால் 80 டிகிரிக்கு மேல் இரண்டும் இறுகப் பின்னியிருப்பதால் சேர்த்துத் தீர்ப்பதே பிழைக்கும்.

அறிகுறி: மெஷ்ஷை நுணுக்க நுணுக்க உச்ச எண் ஏறிக்கொண்டே போகிறது

எலக்ட்ரோடின் உலோகமும் அதன் காப்புறையும் சந்திக்கும் கோட்டில் மின்னோட்ட அடர்த்திக்குக் கணிதப்படி வரம்பே இல்லை. அங்கே உச்ச வெப்ப உற்பத்தியை அறிக்கையில் எழுதினால் அது உங்கள் மெஷ்ஷின் அளவையே எழுதுவதாகும். வழுவழுப்பான மேற்பரப்பில் இந்தச் சந்திப்பு இருந்தால் மொத்தத் திறனும் வெப்பநிலையும் நிலைபெறும், உச்ச உற்பத்தி மட்டும் நிலைபெறாது. கூர்மையான மூலைகளுக்கு 0.1 மில்லிமீட்டராவது வளைவு கொடுங்கள். ஒப்பிட வேண்டியது 50 டிகிரிக் கோட்டின் ஆரம், மொத்தத் திறன், வெந்த பகுதியின் கனஅளவு ஆகிய மூன்றைத்தான்.

அறிகுறி: ஒரு செல்கூடச் சாகவில்லை, அல்லது எல்லாமே சாகிறது

வெப்பநிலையும் நேரமும் சேர்ந்து திசுவை எவ்வளவு சிதைத்தன என்பதைச் சேத எண்ணாகக் கூட்டுவது அரீனியஸ் கணக்கு. ஈரலுக்கு அதில் பரவலாக வரும் எண்கள்: அதிர்வெண் காரணி வினாடிக்கு 7.39 × 10³⁹, செயலூக்க ஆற்றல் மோலுக்கு 2.577 × 10⁵ ஜூல். சேத எண் 1-ஐத் தொட்டால் 63 சதவீதம் செத்தது, 4.6 என்றால் 99 சதவீதம்.

எங்கும் பூஜ்யம் என்றால் வெப்பநிலையைச் செல்சியஸில் கொடுத்திருக்கிறீர்கள். 50 கெல்வினில் எந்த வினையும் நடக்காது. சரியாக இருந்தால் 50 டிகிரியில் நிறுத்திய திசு ஏறக்குறைய 61 வினாடியில் சேத எண் 1-ஐத் தொடும், 55-இல் 14 வினாடியில், 45-இல் நாலரை நிமிடத்தில். ஒரே ஒரு எலிமென்ட்டில் இதைச் சோதியுங்கள்.

இப்போது அதே எண்களை 37 டிகிரியில் போட்டுப் பாருங்கள். 57 நிமிடத்தில் சேத எண் 1. அதாவது ஒன்றுமே செய்யாமல் படுத்திருக்கும் நோயாளியின் ஈரல், இந்தக் கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி செத்துவிடும்! 12 நிமிடச் சிகிச்சையில் சூடே படாத மூலையில்கூட 19 சதவீதம் செத்ததாகக் காட்டும். இது உங்கள் பிழை அல்ல. உயர்ந்த வெப்பநிலைக்குப் பொருத்திய இரண்டு எண்களைக் கீழே நீட்டியதன் விளைவு. 43 டிகிரிக்குக் கீழே சேதத்தைக் கூட்டாமல் நிறுத்துங்கள், நிறுத்தியதை எழுதியும் வையுங்கள். இரத்தப் பாய்வைச் செத்த பங்கோடு இணைத்திருந்தால் இது இன்னும் முக்கியம், இல்லையென்றால் தொலைவிலும் பாய்வு ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, வெப்பக் கணக்கே வழுக்கும்.

சப்பரேட்டோவும் டூயியும் 1984-இல் முன்வைத்த, 43 டிகிரிக்குச் சமமான நிமிடங்கள் என்ற அளவையும் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். அதன்படி 43-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நேரம் பாதியாகிறது. வழக்கமாக எடுக்கும் 240 நிமிட வரம்பு 50 டிகிரியில் 2 நிமிடத்துக்குள் வந்துவிடும், 37-இல் வரவே வராது. இரண்டு கணக்கும் காட்டும் செத்த பகுதியின் எல்லைக்கோடுகள் ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதி.

அறிகுறி: ஒரு வினாடியை ஓட்டவே நாள் கணக்காகிறது

எலக்ட்ரோடில் சைன் அலையை நேரச் சார்பாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு சுற்றுக்கு 2 மைக்ரோ வினாடி, 12 நிமிடத்தில் 36 கோடிச் சுற்றுகள். திசு அவற்றின் சராசரியை மட்டுமே உணர்கிறது. நிலை முறையிலோ அதிர்வெண் முறையிலோ தீர்த்து, வெப்பத்தை மட்டும் நேரத்தில் ஓட்டுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆய்வக ஈரலோடு மட்டும் ஒத்துவரவில்லை

கறிக்கடையில் வாங்கிய ஈரலில் இரத்தம் ஓடுவதில்லை. பாய்வைப் பூஜ்யம் ஆக்குங்கள். அது குளிர்பெட்டியிலிருந்து வந்திருந்தால் தொடக்க வெப்பநிலை 37 அல்ல, அளந்து போடுங்கள். கடத்துதிறனின் 2 சதவீதச் சாய்வு 37-லிருந்து தொடங்குவதாக எழுதியிருந்தால் அதையும் கீழே நீட்ட வேண்டும்.

பிறகு வெப்பநிலையை அளக்கும் கம்பி உணரியான தெர்மோகப்பிளைப் பாருங்கள். எலக்ட்ரோடு அருகே ஒரு மில்லிமீட்டருக்குப் பல டிகிரி வித்தியாசம் இருப்பதால், முனை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே வளைவு முழுதும் இடம்பெயரும். ஈரல் மென்மையானது, செருகும்போது கம்பி வளையும். வெட்டிப் பார்த்து முனை உண்மையில் எங்கே இருந்தது என்று அளந்து, அந்த இடத்தின் வெப்பநிலையை மாடலில் எடுங்கள். ரேடியோ அலை ஓடும்போது உலோகக் கம்பி இரைச்சலையும் வாங்கும். அளவு தாறுமாறாகக் குதித்தால் திறனை ஒரு கணம் நிறுத்திப் படியுங்கள், அல்லது ஒளியிழை உணரிக்கு மாறுங்கள்.

வெட்டிய ஈரலில் வெளுத்துத் தெரியும் பகுதியை எந்தக் கோட்டோடு ஒப்பிடப் போகிறீர்கள், சேத எண் 1-ஓடா, 4.6-ஓடா, 50 டிகிரியோடா? அதைச் சோதனைக்கு முன்பே எழுதி வையுங்கள். பின்னால் தேர்ந்தெடுத்தால், மூன்றில் எது பொருந்துகிறதோ அதுதான் சரியென்று தோன்றும்.